தட்டு மாறினால் தீட்டு மறையுமா?

புதுவை நகரின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். அந்தக் கோட்டைக் கிழித்தவன் பிரெஞ்சுக்காரன். கோட்டின் மேற்குப் புறத்தை வைசியாள் வீதி என்றும் வெள்ளாளர் வீதி என்றும் மறுபடி கூறு போட்டுக் குடியேறியவர்கள் நம்மவர்கள். அந்தக் கூறுகளுக்குள்ளும் இடம் கிட்டாமல் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது சேரி. 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக்காரன் ஆட்சியை ஒப்படைத்தான். 1962 ஆகஸ்ட் 16 இல் சட்டப்படியும் விலகினான். ஆண்டவன் போனான், அவன் கிழித்த கோடு போயிற்றா? அதனை அறியக் கோயிலுக்குச் செல்ல வேண்டா, கோட்டைக்குச் செல்ல வேண்டா. உணவு விடுதியின் உணவுப் பட்டியலைப் படித்தால் போதும்!

கிழக்கே பாருங்கள். மஞ்சள் வண்ணச் சுவர், சுவரெங்கும் காகிதப்பூக் கொடி, மேசைமீது வெண்துகில். உணவுப் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்கள் பளபளக்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஜப்பானியப் பெயர்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பன்றித் தொடையை உப்பிட்டுப் பதப்படுத்தினால் அதற்குப் பெயர் ‘ழாம்போன்’. பன்றித் துண்டத்தை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் ‘தொன்காத்சு’. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் கோதுமை இழைகளை மிதக்கவிட்டால் ‘தொன்கோத்சு ராமென்’. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள், உண்கிறார்கள், உண்பதற்கு முன்பே படம் பிடித்து ஊரறியக் காட்டி மகிழ்கிறார்கள். நல்லது! வாய் அவர்களுடையது, வயிறு அவர்களுடையது. உண்ணட்டும். உண்பதைக் குறை கூற நாம் எழுதுகோலை எடுக்கவில்லை.

மேற்கே பாருங்கள். ஊர் எல்லை, ஒரு மரம், மரத்தடியில் ஒரு கட்டை, கட்டையின்மீது ஒரு கத்தி. ஞாயிறு காலையில் அங்கே விற்பதும் அதே பன்றியின் இறைச்சிதான். அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. வருவோர் தலையைத் தாழ்த்திக்கொண்டு வருகிறார்கள். வாங்கியதைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு பையைச் சுற்றி, பையின்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு போகிறார்கள். சாதி வீட்டுக்காரர் வந்தால் அவர் நேரே வருவதில்லை, ஆள் அனுப்புகிறார். கேட்டால், “மூலத்துக்கு மருந்து” என்கிறார்! உண்ணும்போது மருந்து, உண்டபின் இரகசியம், அறுத்தவன்மட்டும் தீண்டத்தகாதவன்!

ஒரே விலங்கு. ஒரே தசை, ஒரே கொழுப்பு, ஒரே எலும்பு. வாய்க்காலின் ஒரு கரையில் அது நாகரிகம். மறு கரையில் அது இழிவு. பன்றி இரத்தத்தைக் குடலில் அடைத்து அவித்தால் பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘பூதேன்’ என்று பெயர், பெருமையோடு பரிமாறுவார்கள். சேரியில் ஒரு தாய் இரத்தத்தை வெங்காயமிட்டு வதக்கினால், அந்த மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவர்கள் எத்தனை பேர்! இழிவு இறைச்சியில் இருந்தால் அது கிழக்கே போனாலும் இருக்கவேண்டும், மேற்கே போனாலும் இருக்கவேண்டும். தட்டு மாறியவுடன் தீட்டு மறைகிறது என்றால், தீட்டு எங்கே குடியிருக்கிறது? இறைச்சியிலா? ஆக்கியவரின் சாதியிலா? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

விடையைத் தேடி மனு தருமத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போவோம். அறிந்தே உண்டால் இருபிறப்பாளன் தன் நிலையிலிருந்து வீழ்வான் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. காளான், ஊர்ப்பன்றி, பூண்டு, ஊர்க்கோழி, வெங்காயம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இப்போது ஜப்பானியனின் ராமென் கிண்ணத்துக்குள் எட்டிப் பாருங்கள். (பெயரைக் கேட்டு இராமபக்தர்கள் மயங்க வேண்டா, இது அயோத்தியில் பிறந்த பண்டம் அன்று!) பன்றி எலும்புச் சாறு இருக்கிறது. பூண்டு இருக்கிறது. வெங்காயத்தாள் இருக்கிறது. காளான் இருக்கிறது. சில சமையற்காரர்கள் கோழி எலும்பையும் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். மனு விலக்கிய ஐந்தும் ஒரே கிண்ணத்தில்! மனு எழுதிய தள்ளுபடிப் பட்டியல் ஜப்பானியச் சமையற்காரனின் கொள்முதல் பட்டியலாக இருக்கிறது. அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் இன்று இருபிறப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். வீழ்ந்தார்களா? இல்லை, நல்ல சம்பளத்தில் நலமாக இருக்கிறார்கள்.

இன்னும் உற்று நோக்குங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குற்றம் மன்னிக்கப்பட்டுவிட்டது. வெங்காயம் சாம்பாருக்குள் சென்று சாபவிமோசனம் பெற்றது. பூண்டு மிளகு ரசத்தில் கரைந்து புனிதமாயிற்று. காளான் திருமண விருந்தில் ‘சைவப் பிரியாணி’யாகவே மேடையேறிவிட்டது. கோழியோ கடைத்தெருவெங்கும் கூவி விற்கப்படுகிறது. பன்றிக்குமட்டும் இன்னும் மன்னிப்பு இல்லை. ஏன்? வெங்காயத்துக்குப் பின்னால் ஒரு சாதி நிறுத்தப்படவில்லை. காளானுக்குப் பின்னால் ஒரு சேரி நிறுத்தப்படவில்லை. பன்றிக்குப் பின்னால் அதை வளர்ப்பவர் நிற்கிறார், அறுப்பவர் நிற்கிறார், அதை உண்டு உழைப்பவர் நிற்கிறார். பன்றியை மன்னித்தால் அவர்களையும் மனிதர்களாக ஏற்கவேண்டி வருமே! சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வைதிகம் பன்றியை வெறுக்கிறது என்று நினைப்பதும் முழு உண்மை அன்று. கடலூர் மாவட்டத்துத் திருமுட்டம் செல்லுங்கள். அங்கே பூவராகப் பெருமாள் பன்றி முகத்தோடு எழுந்தருளியிருக்கிறார். பாலாபிடேகம் என்ன, பட்டாடை என்ன, பரிவட்டம் என்ன! கல்லிலே செதுக்கிய பன்றிக்குக் கைகூப்பு. உயிரோடு ஓடும் பன்றிக்குக் கல்லெறி. அதை மேய்ப்பவனுக்கு ஊரெல்லை! சைவர்களும் எண்ணிப் பார்க்கட்டும். பெரியபுராணத்துக் கண்ணப்பர் காளத்தியில் தம் கடவுளுக்குப் படைத்தது என்ன? காட்டுப் பன்றியின் இறைச்சி. அதையும் தீயில் வாட்டி, தம் வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்ல துண்டமாகத் தேர்ந்து படைத்தார் என்கிறது புராணம். அதனைக் கடவுள் ஏற்றார் என்று கண்ணீர் மல்கக் கதை கூறுவோர், அதே இறைச்சியை உண்ணும் மனிதனைத் திண்ணையில் ஏற்றுவதில்லை. கடவுளுக்கு ஒவ்விய உணவு பக்தனுக்கு ஒவ்வாதாம்! கதையை நாம் நம்பவில்லை. நம்புகிறவர்களாவது அதன்படி நடக்கவேண்டாமா?

‘பன்றி உண்பது நம் பண்பாடு அன்று, அது பறங்கியன் கொண்டுவந்த பழக்கம்’ என்று பேசுவோரும் உளர். பழந்தமிழ் ஏட்டைப் பாராதவர்கள் அவர்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக்குப் பாணனை வழிப்படுத்தும் அந்தப் பாட்டில், நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தில் கள் விற்போர் இல்லத்தில் கிடைக்கும் விருந்து சொல்லப்படுகிறது. ஆண் பன்றியைப் பிணையோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்கவைத்து, அந்தக் கொழுத்த இறைச்சியைக் கள்ளோடு விருந்தினர்க்கு வழங்கினார்கள் என்கிறார் புலவர். தெருவில் திரிந்ததை அடித்துத் தின்ற செய்தி அன்று இது. தீனி தேர்ந்து, இடம் தேர்ந்து, முறையாக வளர்த்த பண்ணைச் செய்தி. பாணனுக்கு அதனைச் சொல்ல நாணமில்லை. பாட்டைக் கேட்ட மன்னனுக்கு முகச்சுளிப்பில்லை. புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது உரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இந்தக் கடற்கரை அயல்நாட்டானையும் அவன் உணவையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டது; யவனன் மதுவும் தமிழன் இறைச்சியும் சந்தித்த மண் இது. பிரெஞ்சுக்காரன் வந்து கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நாம் சுவையறியாதவர்களாக இருந்ததில்லை. இடையில் வந்தது இழிவு. இயல்பாக இருந்தது உணவு.

எதிர்ப்பாளர் அடுத்த அம்பை எடுக்கிறார்: “பன்றி அழுக்கைத் தின்னும், நோய் வரும்.” பகுத்தறிவாளர் எந்த வாதத்தையும் சீர்தூக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவர், பார்ப்போம். பன்றி வழியாகப் பரவும் நாடாப்புழு உண்டு, உண்மை. அது பன்றிக்கு எப்படி வந்தது? மனிதக் கழிவிலிருந்து வந்தது. ஊர், கழிப்பிடம் கட்டவில்லை. கழிவைத் திறந்தவெளியில் விட்டது. பன்றி அதில் மேய்ந்தது. புழு பன்றிக்குள் புகுந்தது. குற்றம் செய்தது ஊர். பழி சுமந்தது பன்றி. தண்டனை பெற்றது பன்றி வளர்த்தவன்! இன்னும் ஒரு மருத்துவ உண்மை கேளுங்கள். அந்தப் புழுவின் கட்டி மூளையில் உண்டாகி வலிப்பு வருகிறதே, அது பன்றிக்கறி தின்பதால் நேரே வருவதன்று. மனிதக் கழிவிலுள்ள புழுமுட்டை தண்ணீர் வழியாகவும், கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவும், தூய்மையற்ற கை வழியாகவும் வயிற்றுக்குள் போவதால் வருவது. பிறந்தது முதல் புலால் தொடாதவருக்கும் அது வரும். ஆகவே நோய்க்கு மருந்து சாதி விலக்கு அன்று. கழிப்பிடம், தூய குடிநீர், மருத்துவர் சோதித்த இறைச்சி, நன்கு வேகவைத்த சமையல் ஆகியவையே. ஐரோப்பாவும் ஜப்பானும் இவற்றைச் செய்தன, அச்சமின்றி உண்கின்றன. நம் நாட்டிலும் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் வெண்பன்றி வளர்க்கும் முறையைக் கற்றுத்தருகிறது. அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது; அகந்தைதான் தன் வேலையை விடவில்லை.

வெண்பன்றி என்றோம், அதிலும் ஒரு வேடிக்கை. நம் ஊரில் வெள்ளைப் பன்றிக்கு ஒரு மதிப்பு, கறுப்பு நாட்டுப் பன்றிக்கு ஒரு மதிப்பு. பண்ணையில் வளர்ந்த வெள்ளையை உண்பேன், சேரியில் வளர்ந்த கறுப்பைத் தொடமாட்டேன் என்பவர் பலர். ஊரை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரித்த புத்தி பன்றியையும் பிரித்துவிட்டது! ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே ககோசிமா நாட்டுக் ‘குரோபுதா’, அதாவது கறுப்புப் பன்றி, விலையிலும் பெருமையிலும் முன்வரிசையில் நிற்பது. இசுப்பெயினிலும் கறுப்பு இபேரியப் பன்றியின் தொடையே செல்வர் வீட்டு விருந்து. அயல்நாட்டுக் கறுப்பைத் தலையில் வைத்து ஆடுவோர் உள்நாட்டுக் கறுப்பைக் காலால் தள்ளுகிறார்கள் என்றால், அது நிறத்தைப் பற்றிய கருத்தா? சுவையைப் பற்றிய கருத்தா? வளர்த்த கையைப் பற்றிய கருத்து!

புலால் மறுப்போரைப் பற்றியும் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வடலூரில் 1867 இல் வள்ளலார் தருமசாலை திறந்தார். அவர் புலாலை மறுத்தார், கருணையால் மறுத்தார். மறுத்த அவர் சாதி பார்த்து இலை போடவில்லை. பசி ஒன்றையே பார்த்துச் சோறிட்டார். அந்த மறுப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். இசுலாமியத் தோழர்கள் தம் மார்க்கத்தின்படி பன்றியைத் தவிர்க்கிறார்கள். அது அவர்கள் உரிமை. உண்ணாதவன் வாயில் ஊட்டும் வேலை நமக்கில்லை. ஆனால் கருணையால் மறுப்பவன் உயிரைப் பார்க்கிறான். சாதியால் மறுப்பவன் உண்பவனைப் பார்க்கிறான். முன்னவன் ஆட்டையும் மறுப்பான், மீனையும் மறுப்பான். பின்னவனோ ஆட்டைச் சுவைப்பான், மீனை மெல்லுவான், மாடும் பன்றியும் என்றவுடன் மட்டும் மனம் உருகுவான்! அந்த உருக்கத்துக்குக் கருணை என்று பெயரிடாதீர்கள். அது சாதி அணிந்துகொண்ட முகமூடி.

இனி நம் இளைஞர்களுக்கு. அவர்களிலும் சிலர் இப்படிப் பேசக் கேட்கிறோம்: “வெள்ளையர் நகரத்தில் பன்றிக்கறி உண்டேன், மனுவின் முகத்தில் கரி பூசினேன், புரட்சி முடிந்தது.” அவ்வளவு மலிவா புரட்சி? ஒரு கிண்ணம் ராமென் விலையில் சாதி ஒழியுமானால், எப்போதோ ஒழிந்திருக்கும். அந்த ராமென் பிறந்த ஜப்பானின் கதையையே கேளுங்கள். நமக்கு அதைவிடக் கூர்மையான பாடம் வேறில்லை.

கி.பி. 675 இல் ஜப்பானியப் பேரரசன் தெம்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சிக்குத் தடை விதித்தான். கொல்லாமையின் பெயரால் தொடங்கிய கருத்து, தீட்டின் கதையோடு கலந்து, நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மனிதர்மேல் பாய்ந்தது. விலங்கை அறுப்போரும், தோல் பதனிடுவோரும், செத்ததை அகற்றுவோரும் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு இட்ட பெயர் ‘எத்தா’. அழுக்கு மிகுந்தோர் என்பது அதனை எழுதும் எழுத்தின் பொருள். கடல்கடந்த நாட்டிலும் ஒரு சேரி! 1871 இல் அரசு ஆணையிட்டு அந்த இழிநிலையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1872 சனவரியில் பேரரசர் மெய்ஜி இறைச்சி உண்டார் என்பது நாடறியச் செய்தியாக்கப்பட்டது. விலக்கு உடைந்தது. 1899 இல் டோக்கியோவின் கின்சாவில் ரெங்காத்தெய் என்னும் விடுதி பன்றித் துண்டத்தைப் பொரித்துப் பரிமாறியது. 1937 இல் குருமே நகரில் பன்றி எலும்பு ராமென் உருவெடுத்தது. சீனர் கொண்டுவந்த, தள்ளுவண்டியில் உழைப்பாளிகள் குடித்த சாறு, தேசத்தின் பெருமையாயிற்று. நாடே புலால் உண்ணத் தொடங்கியது.

சரி, அறுப்பவன் நிலை உயர்ந்ததா? உயரவில்லை! ஆணை வந்து ஐம்பது ஆண்டு கழிந்தும் இழிவு நீங்காததால்தான், 1922 மார்ச் 3 இல் கியோட்டோ நகரில் ஒதுக்கப்பட்டோர் திரண்டு ‘சுயிஹெய்ஷா’ என்னும் சமத்துவச் சங்கத்தைக் கண்டார்கள். தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் 1925 இல் தோன்றியது; ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நாட்டிலும் மானம் விழித்தெழுந்தது. அதன்பிறகும் 1975 இல் என்ன வெளியாயிற்று? ஒதுக்கப்பட்டோர் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்த பட்டியல் ஒன்று இரகசியமாக விற்கப்பட்டதும், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அதை வாங்கிவைத்திருந்ததும் வெளியாயின. டோக்கியோவின் சிபௌரா இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு இழிமொழிக் கடிதங்கள் வந்த செய்தியும் உலகறிந்தது. கறியைச் சப்புக்கொட்டித் தின்ற அதே ஊர், கறியை அறுத்துக்கொடுத்தவனுக்குக் கடிதத்தில் வசை எழுதியது. நாக்கு மாறிற்று; நோக்கு மாறவில்லை. உணவை ஏற்றுக்கொண்டு உழைத்தவனைத் தள்ளிவைக்க ஒரு சமுதாயத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘தொன்காத்சு’ என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். ‘தொன்’ என்றால் பன்றி. ‘காத்சு’ என்பது ‘கட்லெட்’டின் ஜப்பானிய உச்சரிப்பு, கட்லெட்டோ பிரெஞ்சுக்காரனின் ‘கோத்லெத்’. நம் ஊர்க் காப்பி விடுதியில், நெற்றிப் பட்டையோடு அமர்ந்து, உருளைக்கிழங்கு கட்லெட்டைச் சுவைக்கிறாரே ஒரு பெரியவர், அவர் கையிலிருப்பதும் அந்தக் குலத்துப் பிள்ளைதான்! கிழங்கு கட்லெட்டும் பன்றிக் காத்சுவும் பங்காளிகள். போர்த்துக்கீசியர் கோவாவில் இறக்கிவைத்த பூண்டும் புளிங்காடியும் சேர்ந்த இறைச்சிக் குழம்பு, புதுவைக் கிறித்தவர் வீட்டில் ‘விந்தாய்’ ஆயிற்று. சமையல் இப்படித்தான் எல்லை தாண்டுகிறது, மதம் தாண்டுகிறது, மொழி தாண்டுகிறது. அடுப்புக்குச் சாதி தெரியாது. அடுப்பைச் சுற்றி அமர்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

புதுவைக்கு இந்தப் பாடம் புதிதன்று. ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்று பிற்காலத்தில் பறைசாற்றிய பிரெஞ்சு நாட்டின் கொடி பறந்த ஊர் இது. இதே ஊரின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1745 இல் மாதா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறித்தவர்களையும் சேரிக் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரையும், சேரி மக்கள் பாதிரியிடம் சென்று நியாயம் கேட்டதையும், சுவர் இடிபட்டதையும் சொல்கிறது. 1881 இல் பிரெஞ்சு அரசின் ஆணை வந்தது: குலவழக்கைத் துறந்து, குடும்பப்பெயர் ஏற்று, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. தாழ்த்தப்பட்டோர் பலர் கையெழுத்திட்டுச் சாதியைத் துறந்தார்கள். அவர்கள் துறந்தார்கள், சாதி அவர்களைத் துறந்ததா? சேர்ந்துண்ணாத சமத்துவம் சீட்டில் எழுதிய சர்க்கரை.

அதனால்தான் தமிழகத்தில் தன்மானப் போரின் பெரும் பகுதி உணவு மேடையிலேயே நடந்தது. புதுவையில் பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த வ.வே.சு. அய்யர், பின்னர்ச் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். நாட்டு விடுதலைக்கு உயிர் கொடுக்கத் துணிந்தவர் அவர். அதை மறைக்க மாட்டோம். அவர் குருகுலத்திலேயே பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப் பந்தி என்றபோது, 1924, 1925 ஆம் ஆண்டுகளில் நாடு கொதித்தது. இரயில் நிலைய உணவுக்கூடங்களில் பார்ப்பனர்க்கென இருந்த தனி இடம் பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941 இல் ஒழிந்தது. 1957 இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ என்ற எழுத்தை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல். கூட்டங்கூட்டமாகத் தொண்டர்கள் சிறை புகுந்தார்கள். ஒரு சொல்லுக்காகவா சிறை? ஆம்! சோற்றுத் தட்டின்மேல் எழுதப்பட்ட சொல் மனிதனின் நெற்றியில் எழுதப்பட்ட சொல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பீர்களா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவ மாணவர்க்குத் தனி வாயில், தனிக் கைகழுவுமிடம் என்று சுவரொட்டி முளைத்தது. எதிர்ப்புக்குப் பின்னரே மறைந்தது. சேரன்மாதேவிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு. பந்தி பிரிக்கும் புத்திக்குமட்டும் நரை விழவில்லை! 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா என்றார்கள். மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கேட்டது. மழை வந்தது, விழா தள்ளிப்போனது, கேள்விமட்டும் நனையாமல் நிற்கிறது. ‘சைவம் உண்போர்க்கே வீடு’ என்று வாசலில் தொங்கும் அட்டைகளையோ தெருத்தெருவாகக் காணலாம். அந்த அட்டை கேட்பது உணவைப் பற்றிய செய்தியா? உன் சாதி என்ன என்று கேட்கக் கூசியவர் கண்டுபிடித்த குறுக்குவழி அது.

இவற்றுக்கெல்லாம் விலை கொடுப்பது யார்? பள்ளியில் சோற்றுத் தூக்கைத் திறக்க அஞ்சி, மூடியை அரைகுறையாகத் தூக்கி, தலைகுனிந்து உண்ணும் சேரிக் குழந்தை! தாய் அன்போடு ஆக்கித் தந்த உணவைக் குற்றம்போல மறைக்கக் கற்றுக்கொள்கிறது அந்தப் பிஞ்சு. எழுத்தறிவதற்கு முன் இழிவறிகிறது. வளர்ந்து, நகரத்துக்கு வந்து, வெள்ளையர் நகரத்து விடுதியிலே அந்தக் குழந்தையே பரிமாறும் பணியாளாக நிற்கும்போது, தன் வீட்டில் ஒளித்துத் தின்ற இறைச்சியை எதிரே இருப்பவர் முள்கரண்டியால் குத்தித் தின்று ‘ஆகா’ என்பதைக் காண்கிறதே, அந்த நேரத்தில் அதன் நெஞ்சில் என்ன ஓடும்? அந்த நெஞ்சுக்கு என்ன மறுமொழி வைத்திருக்கிறோம்?

மராத்தி மொழியில் ஷாகு பட்டோலே 2015 இல் தம் மக்களின் உணவை, குருதியையும் குடலையும் கொழுப்பையும்கூட விடாமல், ஏட்டில் ஏற்றினார். 2024 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. மறைத்த உணவுக்கு முகவரி கிடைத்தது. ஜப்பானின் ஒகினாவாத் தீவினர், பன்றியில் அதன் கத்தலைத் தவிர மற்ற அனைத்தையும் உண்போம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். தமிழகத்துச் சேரியின் சமையலும் அவ்வாறே தலைநிமிரவேண்டும். இரக்கத்தால் தரும் இடமாக அன்று, உரிமையால் பெறும் இடமாக.

செய்யவேண்டியது என்ன? முதலாவது, இறைச்சி விற்போர்க்கு நகராட்சி கூரையுள்ள கடை தரட்டும், குழாயில் தண்ணீர் தரட்டும், மருத்துவச் சோதனை தரட்டும்; கடையின் நெற்றியில் ‘பன்றி இறைச்சி’ என்று தமிழில், பெரிய எழுத்தில், பெயர்ப் பலகை ஏறட்டும். இரண்டாவது, பன்றி வளர்ப்போரை ஆக்கிரமிப்பாளரைப்போல் விரட்டும் நிலை மாறி, மற்றக் கால்நடை வளர்ப்போர்க்குக் கிடைக்கும் கடனும் மருத்துவ உதவியும் அவர்க்கும் கிடைக்கட்டும். மூன்றாவது, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் எந்த உணவு விழாவிலும் எந்த மக்களின் உணவும் விலக்கப்படக்கூடாது. விலக்கினால் கேள்வி எழட்டும், ஏடுகளில் எழட்டும், தெருவில் எழட்டும்.

நான்காவது வேலை உங்களுடையது, தோழர்களே! வெள்ளையர் நகரத்துக்குச் செல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டோம். தொன்காத்சுவும் உண்ணுங்கள், ழாம்போனும் உண்ணுங்கள்; உலகின் சுவையெல்லாம் உழைப்பவனுக்கு உரியதே. ஆனால் அதனைப் புரட்சி என்று பட்டியலிட்டுக் கொள்ளாதீர்கள். பணம் கொடுத்து உண்ணும் இடத்தில் எவனும் எவனுக்கும் சமமாக அமர்கிறான். பணப்பை செய்யும் சமத்துவம் அது, மனம் செய்த சமத்துவம் அன்று. சேரித் தோழன் வீட்டுக்கு நண்பகலில், ஊர் பார்க்க, நேர் வழியில் செல்லுங்கள். அவன் தாய் இட்டதை அவனோடு அமர்ந்து உண்ணுங்கள். அடுத்த வாரம் அவனை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். திண்ணையோடு நிறுத்தாமல் அடுக்களைவரை அழையுங்கள். உங்கள் தட்டிலேயே சோறிடுங்கள். உங்கள் அன்னையார் முகம் சுளிக்கலாம். தந்தையார் எழுந்து போகலாம். அக்காள் மாப்பிள்ளை அடுத்த திருமணத்துக்கு வரமாட்டேன் எனலாம். வரட்டும் அந்தச் சண்டை! சாதி, உணவு விடுதியில் குடியிருக்கவில்லை; உங்கள் வீட்டு அடுக்களையில் குடியிருக்கிறது. அதை அங்கேதான் எதிர்கொண்டாக வேண்டும்.

புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் பிறந்து வளர்ந்த ஊர் புதுவை. அந்த ஊரின் இளைஞர்களுக்கு அச்சம் அழகன்று. வாய்க்காலைத் தூர்க்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அது மழைநீர் ஓடுவதற்கு வேண்டும். மனிதர்க்கு நடுவே வெட்டிய வாய்க்கால் ஒன்று உண்டே, அதனைத் தூர்க்க ஒரு பிடி மண் போதாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி சோறு வேண்டும். அதை அள்ளி வைக்க உங்கள் கை எழுமா?